மகளின் வலியை மறைக்காதீர்கள்

அந்தமான் சிப்பிகாட் வாழ் தாய்மார்களே, பெரியோர்களே, பள்ளியிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் மகள்களே!

பதினான்கு வயதாகியும் வயதுக்கு வராத ஒரு பெண். மாதந்தோறும் நாலைந்து நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். சூட்டு வலி என்று வெந்தயம் கொடுக்கிறோம். ஒருநாள் சிறுநீர் அடைத்துக்கொண்டு துடிக்கும்போதுதான் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அந்தப் பெண் எப்போதோ வயதுக்கு வந்துவிட்டாள்! பிறவியிலேயே கன்னிச்சவ்வு முழுதாக மூடியிருப்பதால் உதிரம் உள்ளேயே தேங்கியிருக்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் பெண்களில் ஒருத்திக்கு இப்படி அமையும். சிறிய அறுவையில் சவ்வைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. திருமணமாகாத பெண்ணுக்கா என்று தயங்காதீர்கள். பெண்ணின் மானம் சவ்வில் இல்லை!

சுமார் 5,000 பெண்களில் ஒருத்திக்குக் கருப்பையே வளர்ந்திருக்காது. மார்பு வளரும், சினைப்பை வேலை செய்யும், உதிரம் மட்டும் வராது. இது தாயின் குற்றமுமல்ல, தெய்வத்தின் சாபமுமல்ல. கருவில் உறுப்புகள் உருவாகும்போதே நேர்ந்துவிடும் குறை.

உதிரம் வராதது ஒரு குறை என்றால், நிற்காதது இன்னொன்று. அதற்கு நம்மைப் போன்ற இன்னொரு தீவின் கதை கேளுங்கள். பால்டிக் கடலில் ஓலந்துத் தீவுகள். அங்கே ஒரு சிறுமிக்குச் சிறு காயத்திலும் ரத்தம் நிற்காது. பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லிபிராண்டு அவள் குடும்பத்தையே ஆராய்ந்து 1926இல் அந்த நோயை விவரித்து எழுதினார். ரத்தத்தை உறையவைக்கும் புரதம் ஒன்றின் குறைபாடு அது என்று பின்னாளில் தெளிந்தது. அந்தச் சிறுமியோ நான்காவது மாதவிடாயிலேயே ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். இன்று அந்நோய்க்கு ரத்தப் பரிசோதனை உண்டு. டிரானெக்சாமிக் அமில மாத்திரை உண்டு. குறையும் புரதத்தை ஊசியாகவே ஏற்றலாம். அவளுக்குக் கிடைக்காதது நம் பெண்களுக்குக் கிடைக்கும், நாம் வாய் திறந்தால்!

எனவே தாய்மார்களே, மகளின் மாதக் கணக்கைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 15 வயதாகியும் வரவில்லையா? ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா? ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைகிறதா? பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக்கட்டி விழுகிறதா? மாதாமாதம் வலி கூடுகிறதா? கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். முதல் சோதனை பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையோ, வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனோதான், பயப்பட ஒன்றுமில்லை.

நிக்கோபாரில், கேம்பல் பேயில் இருப்பவர்கள் கடல் தாண்டி வரவேண்டும். நமக்கோ பந்த் மருத்துவமனை பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. மஞ்சள் நீராட்டுக்கு ஊரைக் கூட்டுகிற நாம், மகள் வலிக்கிறது என்றால் அன்றைக்கே அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறுவோம்.