'சேபோல்' ராஜ்யமும் தொழிலாளர் சங்கமும்



தென் கொரியாவில் ஒரே குடும்பத்தின் பிடியிலுள்ள பெருங்கம்பெனிக் கூட்டத்துக்கு 'சேபோல்' என்று பெயர். 1961-ல் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ, இக்குடும்பங்களுக்கு மலிவு வட்டியில் பாங்குக் கடனை வாரி வழங்கினார். தொழிலாளர் வாயை அடைத்தார்.

சாம்சங்கை 1938-ல் தொடங்கியவர் லீ பியுங் சுல். இன்று அதன் தலைவர் பேரன் லீ ஜே யோங். லஞ்ச வழக்கில் சிறை சென்ற அவருக்கு 2022-ல் அரசு மன்னிப்பு அளித்தது. ஆனால், 'சங்கமே கூடாது' என்ற தாத்தா காலத்துக் கொள்கையைக் கைவிடுவதாக 2020-ல் அவரே அறிவிக்க நேர்ந்தது!

2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் நம் தோழர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

அவர்கள் பிள்ளைகளுக்கு ஆலையை விட்டுச் செல்கிறார்கள். நாம் நம் பிள்ளைகளுக்குச் சங்கத்தை விட்டுச் செல்வோம்!