நோட்டில் ஏறாத எண்



இந்த மாநாட்டில் தொழில் நிறுவனங்களில் தரவுப் பகுப்பாய்வு என்ற பொருளில் பேச அழைத்தபோது, எந்த மென்பொருளைப் பற்றியும் பேசப்போவதில்லை என்று அமைப்பாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். முப்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் பனியன் கம்பெனிகளுக்குப் போய்வருகிறவன் நான். ஓர் எண் எங்கே பிறக்கிறது, யார் கையால் பிறக்கிறது என்பதை அங்கேதான் பார்த்தேன்.

திருப்பூரில் ஒரு நடுத்தரக் கம்பெனி. முதலாளி நிறையச் செலவழித்து மென்பொருள் வாங்கியிருந்தார். ஆபீஸ் சுவரில் பெரிய திரை. அதில் வண்ண வண்ணமாக வரைபடங்கள். "எல்லாமே இருக்குங்க சார். ஆனா இதைப் பார்த்து என்ன பண்றதுன்னுதான் புரியலைங்க" என்றார். தையல் குறைபாட்டுக்கான கோட்டைப் பார்த்தேன். அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேராகக் கிடந்தது. தினமும் நூற்றுக்கு மூன்று. வேலை குறைந்த மாதத்திலும் மூன்று. கப்பலுக்கு நாள் நெருங்கி இரவு பகலாகத் தைத்த வாரத்திலும் மூன்று. மனிதக் கை செய்கிற வேலையில் அப்படி ஒரு கோடு வரவே வராது.

செக்கிங் மேசைக்குப் போனேன். ஓர் அம்மா பீஸை விரித்து, தோள்பட்டைத் தையலை இரண்டு விரலால் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை தெரிந்த இடத்தில் சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் காலடியில் இருந்த பெட்டியில் போட்டார். பெட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நோட்டில் மூன்று. "ஏனுங்கம்மா, பெட்டியில இவ்வளவு கிடக்குதே?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மூணுக்கு மேல எழுதினா லைன்ல இருக்கற டெய்லருங்க சம்பளத்துல பிடிச்சிருவாங்க சார். அவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானுங்களே."

அந்த அம்மாவின் பெயரைச் சொல்லாமல் முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: மூன்று மாதத்துக்குப் பிடித்தத்தை நிறுத்துங்கள். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். முதல் வாரமே குறைபாட்டு எண் கிடுகிடுவென ஏறியது. "நீங்க வந்தப்புறம் தரமே கெட்டுப்போச்சுங்களே" என்று பதறிப் போன் செய்தார். கெட்டுப்போனது எதுவும் இல்லை. அதுவரை நோட்டில் ஏறாதது ஏறியது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். யாரும் சொல்லாமலே அந்த அம்மா நோட்டின் ஓரத்தில் துணி லாட் எண்ணையும் குறிக்கத் தொடங்கினார். மூன்று வாரக் குறிப்புகளை வைத்துப் பார்த்தோம். ஊசி ஓட்டைகளில் பெரும்பகுதி ஒருசில லாட்டுகளிலேயே விழுந்திருந்தது. அந்தத் துணியெல்லாம் ஒரே இடத்தில் காம்பாக்டிங், அதாவது பின்னாளில் சுருங்காதபடி செய்யும் இறுதிப் பதப்படுத்தல், ஆகி வந்தது. அங்கே துணியை அளவுக்கு மீறிக் காயவைத்திருந்தார்கள். ஈரப்பதம் போன துணியில் ஊசி நூலை விலக்கிக்கொண்டு இறங்காது, அறுத்துக்கொண்டு இறங்கும். தைத்தவர்கள் மேல் குற்றமே இல்லை. நோட்டில் உள்ளபடி எழுதியிருந்தால், தாங்கள் செய்யாத தவறுக்கு அவர்கள் எத்தனை வாரம் கூலியை இழந்திருப்பார்களோ! அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அந்த மேசையில் நான் பார்த்ததற்குப் பின்னால் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1924 மே மாதம் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் குறிப்பொன்றைத் தம் மேலாளரிடம் கொடுத்தார். கட்டுப்பாட்டு வரைபடம் பிறந்தது அதில்தான். எந்த வேலையிலும் இயல்பான ஏற்ற இறக்கம் ஒன்று உண்டு. தனிக்காரணம் தேடிப்பிடிக்க வேண்டிய ஏற்ற இறக்கம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். பிரிக்காமல், எண் ஏறிய அன்றெல்லாம் வேலையாளைத் திட்டினால் நாமே குழப்பத்தைக் கூட்டுகிறோம். அவர் வழியில் வந்த டெமிங் என்ற புள்ளியியலாளர் 1950இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் புள்ளியியல் தரக்கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் அவர் வகுத்த பதினான்கு நெறிகளில், வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்டு என்பதும் ஒன்று. அது கருணை மட்டுமல்ல, கணக்கும்கூட என்று அந்தச் செக்கிங் மேசையில் கண்டுகொண்டேன். பயம் இருக்கும் இடத்தில் சரியான எண் கிடைக்காது. நம் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். இதெல்லாம் எங்கோ வெளிநாட்டுச் சங்கதி என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

"நாங்க சின்னக் கம்பெனிங்க, எங்ககிட்ட அவ்வளவு டேட்டா ஏதுங்க?" என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது டப்ளின் நகரத்து கின்னஸ் மதுவாலையின் கதை. 1899இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் வில்லியம் கோசெட். பார்லி, ஹாப்ஸ் என்று எதைச் சோதித்தாலும் அவருக்குக் கிடைத்தவை ஒருசில அளவீடுகள்தான். அவ்வளவு கொஞ்சத்தை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்ற கேள்வி அவரைத் துளைத்தது. 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் விடையை வெளியிட்டார். இன்று நம் மாணவர்கள் தேர்வுக்கு எழுதும் 'டி' சோதனை அதுதான். தொழிற்சாலை ஒன்றில், கையில் இருந்த சொற்ப எண்களிலிருந்தே அந்தச் சோதனை பிறந்தது. லாட்டுக்கு ஐந்து பீஸ் அளந்து உண்மையாக எழுதுகிற கம்பெனி அந்த வழியில் தாராளமாக நடக்கலாம்.

இன்னொன்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு சிறு நிறுவனங்களிடமும் ரசீது ரசீதாகக் கணக்கு சேர்ந்திருக்கிறது. யாருக்கு எப்போது சரக்குப் போனது, என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் நம்மவர்கள் அதை ஆடிட்டரின் சொத்தாகவே நினைக்கிறார்கள். ரிட்டர்ன் தாக்கலானதும் மூடிவைத்துவிடுகிறார்கள். பணம் வந்த தேதியை அந்த ரசீதுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, எந்த பையர் எத்தனை நாள் இழுத்தடிக்கிறார் என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

மெஷினில் சென்சார் பொருத்திவிட்டால் ஆளே எழுத வேண்டாமே என்பார்கள். சென்சார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தையலை எண்ணும். மெஷின் நின்ற நேரத்தைச் சொல்லும். துணி விறைப்பாக இருந்தது என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். அந்தச் சென்சாரையும் கூலி பிடிக்கவே பயன்படுத்தினால், அதையும் ஏமாற்ற வழி கண்டுபிடிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழாது.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையில் அட்டவணை வரும் இடத்தில், அந்த எண்ணை முதலில் எழுதியவர் யார், கூட்டி எழுதியிருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு வரி சொல்லுங்கள். தெரியாவிட்டால் போய்க் கேட்டு எழுதுங்கள்.

முதல் அமர்வில் இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்பாகப் பதினைந்து நிமிடம் அமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தச் செக்கிங் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் அந்த நோட்டு இருக்கிறது. லாட் எண் குறித்த பக்கங்களை அவரே உங்களுக்குக் காட்டுவார். அம்மா, மேடைக்கு வாங்க.