பங்கும் பண்ணையும்: ஊர் வரலாற்றின் இரண்டு ஏடுகள்

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



யூபிலி என்றதும் கொடியும் தோரணமும் தேரும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், அங்கே யூபிலி என்பது நிலத்தைப் பற்றிய சட்டம். ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும்; கடனுக்காக அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். ஆகவே யூபிலி விழாவில் நிலத்தைப் பற்றியும், அதில் உழைத்தவரைப் பற்றியும் பேசுவது பொருத்தமே.

இங்கிலாந்து நாட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று மேனர் எனப்படும் பிரபுவின் பண்ணை. மற்றொன்று கோவிலைச் சுற்றி அமைந்த பங்கு. 1086-ஆம் ஆண்டில் வில்லியம் மன்னர் நாடு முழுவதும் நிலக் கணக்கு எடுக்கச் செய்தார். டூம்ஸ்டே ஏடு என்று அதற்குப் பெயர். எந்த நிலம் எந்தப் பிரபுவுடையது, எத்தனை ஏர், என்ன வருமானம் என்று அதில் எழுதினார்கள். உழுதவர்களை எண்ணிக்கையாக எழுதினார்களே தவிரப் பெயராக எழுதவில்லை. பின்னர் 1538-இல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். அதன் பிறகே ஏழைக் கூலியாளின் பிள்ளைக்கும் ஏட்டில் ஒரு வரி கிடைத்தது. கத்தோலிக்கத் திருச்சபையிலும் 1563-இல் திரிதெந்தின் சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது.

இதை மனத்தில் கொண்டு நம் மண்ணுக்கு வருவோம்.

நமது சோரியாங்குப்பம் பெண்ணையாற்றங்கரையில், பாகூர் கொம்யூனில் இருக்கிறது. பாகூரின் பழமை எல்லாரும் அறிந்ததே. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் பாகூர்க் கல்விச்சாலைக்குத் தானமாக அளிக்கப்பட்டன. பாகூர்ச் செப்பேடு இதைச் சொல்கிறது. தானம் கொடுத்தவர் பெயர் உண்டு. மன்னர் பரம்பரை உண்டு. நிலத்தின் எல்லையும் உண்டு. அந்த நிலத்தில் சேற்றை மிதித்தவர் பெயர் இல்லை.

சொர்ணாவூர் அணையிலிருந்து பெண்ணையாற்று நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். சிங்காரி, பங்காரி என்ற சகோதரிகள் வாய்க்கால் வெட்டுவித்த கதையை நம் பாட்டிமார் சொல்வார்கள். வெட்டுவித்தவருக்குக் கதை உண்டு. மண் சுமந்தவருக்குக் கதை கூட இல்லை.

பிறகு ஆட்சிகள் மாறின. 1749-50 ஆண்டுகளில் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் சந்தா சாகிப்பு வழியாகப் பிரெஞ்சுக் கம்பெனிக்கு வந்தன. 1752-இல் பாகூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டனர். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தது. பலமுறை கைமாறி, 1816-இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1854-ஆம் ஆண்டு ஆணை நிலம் வைத்திருந்தவர்களை முழு உரிமையாளர்கள் ஆக்கியது. மிராசுக்காரர் வீட்டுப் பெட்டியில் பத்திரம் சேர்ந்தது. பண்ணையாளுக்குப் பத்திரமே கிடையாது. 1880-இல் பாகூர் கொம்யூன் ஆயிற்று. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது.

ஏட்டில் பெயர் இருப்பதும் இல்லாததும் சிறிய காரியம் அன்று. 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரியில் பிறந்து இங்கே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கும் காகிதம் வைத்திருந்தவருக்கும் அது வாய்ப்பு. மற்றவருக்கு அது செவியில் கூட விழாத செய்தி.

அன்பர்களே, செப்பேட்டிலும் பத்திரத்திலும் இடம் கிடைக்காத நம் முன்னோருக்கு இடம் கொடுத்த ஏடு ஒன்று உண்டு. அதுதான் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், நாள் எல்லாம் அதில் உண்டு. மிராசுதாரர் பிள்ளைக்கும் ஒரு வரி. கூலியாள் பிள்ளைக்கும் ஒரு வரி. தாயின் பெயரைக் கவனியுங்கள். நிலப் பத்திரங்களில் பெண்கள் பெயர் அரிதாகவே வரும். இங்கே ஒவ்வொரு தாயும் இருக்கிறாள்.

கோவிலுக்குள்ளும் எல்லாம் சமமாக இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. சாதிக்கு ஓர் இடம் ஒதுக்கி உட்கார வைத்த கோவில்கள் நம் தமிழ்நாட்டில் இருந்தன. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பினார்கள். அந்தக் குறையை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது. ஆயினும் ஏடு ஏடுதான். அதில் எழுதிய பெயரை யாரும் அழிக்க முடியாது.

கறையானும் வெள்ளமும் அழிக்க முடியும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலையடுத்துப் பெண்ணையாறு பெருகி வந்ததை நாம் மறக்கவில்லை. ஒரே இரவில் எத்தனை வீட்டுப் பெட்டிகள் நனைந்தன!

ஆகவே இந்த யூபிலியில் மூன்று காரியம் செய்வோம். பங்குத்தந்தையின் அனுமதியோடு பழைய பதிவேடுகளைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துவோம். வீட்டிலுள்ள பழைய பத்திரம், குடும்ப அட்டை, பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புச் சீட்டு ஆகியவற்றை நகல் எடுத்து வைப்போம். வயலுக்கும் வாய்க்காலுக்கும் மேட்டுக்கும் வழங்கும் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவோம். மூன்றாவது காரியத்தைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஏடு காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

படித்த பிள்ளைகளே, உங்கள் கையிலுள்ள செல்போன் இதற்குப் போதும். உங்கள் பாட்டனாரின் தாயார் பெயர் என்ன என்று இன்றே வீட்டில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பதிவேட்டுக்கு வாருங்கள்.

யூபிலி ஆண்டில் நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும் என்றது பழைய சட்டம். நிலத்தைத் திருப்பித் தர நம்மால் ஆகாது. பெயரையாவது திருப்பித் தருவோம்.