தோட்டத்து நஞ்சும் இளையோர் மூளையும்



முப்பது ஆண்டுகளாக ஆசிரியத் தொழிலில் இருப்பவன் நான். 'மந்தமான பிள்ளை', 'சோம்பேறிப் பிள்ளை' என்னும் சொற்களைப் பிறர் கூறக் கேட்டுமிருக்கிறேன்; வெட்கத்தோடு ஒப்புக்கொள்வதானால், நானே கூறியுமிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையிற் பதினோராம் வகுப்பிற் படித்த மாணவன் ஒருவனே இப்பேச்சுக்குக் காரணமானவன். எட்டாம் வகுப்பிலே, கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். அதே பிள்ளை திங்கட்கிழமைக் காலைகளில் தலையிடி என்று மேசையிலே தலை சாய்த்திருப்பான். சற்றுமுன் சொன்னதைத் திருப்பிக் கேட்டால் விழிப்பான். அவனை நான் வகுப்பின் முன்னிலையிற் கடிந்துகொண்டேன். பின்பு விசாரித்தபோதுதான், சனி ஞாயிறுகளில் தங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கும் அயலார் வெங்காயத் தோட்டங்களுக்கும் மருந்து அடிப்பவன் அவனே என்பது தெரிந்தது. ஒரு தாங்கிக்கு இவ்வளவு என்று கூலியும் பேசியிருந்தார்கள்.

அவனுக்கு நேர்ந்தது இன்னதென்று துணிந்து கூற நான் வைத்தியனல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும் வாசித்தறிவதற்கு எவரும் தடைசொல்வதில்லை. அவ்வாறு வாசித்தபொழுது, என் மனத்தில் எழுந்த ஐயத்தை முறையாக ஆராய்ந்த இடமொன்று உண்டென அறிந்தேன். அது எகிப்து நாட்டிலே, நைல் நதியின் கழிமுகத்திலுள்ள மெனூபியா மாகாணம்.

எகிப்தின் பருத்திக்குப் பரம்பரைப் பகை இலைப்புழு. அதன் முட்டைகள் படிந்த இலைகளைக் கையாற் பொறுக்கி எடுப்பது நெடுங்காலமாகச் சிறுவர்களின் வேலையாக இருந்து வந்தது. 7 முதல் 12 வயது வரையுள்ள பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், நாளொன்றுக்கு 11 மணித்தியாலம் இவ்வேலையில் ஈடுபட்டிருந்ததாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2001ஆம் ஆண்டு எழுதியது. சற்று வளர்ந்த பையன்களோ கோடை மாதங்களிலே தெளிகருவியை முதுகிற் சுமந்து மருந்து அடிப்பார்கள். அம்மருந்துகளில் முதன்மையானது குளோர்பைரிபொஸ் என்பது.

இது சேதனப் பொசுபேற்று என்னும் இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்தின் பூர்வீகமும் நல்லதன்று. 1936ஆம் ஆண்டு ஜேர்மனியில் கெரார்ட் சிறாடர் என்னும் இரசாயனர் பூச்சிகொல்லி தேடப் புகுந்து, தாபுன் என்னும் நரம்பு நஞ்சைக் கண்டார். அது போர்க் கருவியாயிற்று. பூச்சியைக் கொல்லும் வழியும் மனிதனைக் கொல்லும் வழியும் இங்கே ஒன்றே.

அவ்வழியைத் தோட்டக்காரருக்கு விளக்குவது எளிது. தண்ணீர் மாறுகின்றவர் ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை அடைத்து, அடுத்த பாத்தியைத் திறந்துவிடுவார். நமது நரம்புக்கலங்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் நீர் அசற்றைல்கோலின். செய்தி போய்ச் சேர்ந்தவுடன் அதனை அழித்து வாயை அடைப்பது கோலினெசுத்தரேசு என்னும் நொதியம். மருந்து உடம்பினுட் புகுந்தால், தண்ணீர் மாறுகின்றவரின் கையைக் கட்டிவிடுகிறது. பாத்தி நிரம்பி வழிகிறது. தலையிடி, வியர்வை, கண் மங்கல், வாந்தி யாவும் அவ்வெள்ளத்தின் அடையாளங்கள். மிகுந்தால் மூச்சும் நின்றுவிடும். இரத்தத்தில் அந்நொதியத்தின் சக்தியை அளந்து, ஒருவர் எவ்வளவு நஞ்சை ஏற்றார் என்று ஊகிக்கலாம்.

மெனூபியாவில் 50 பையன்களைப் பரிசோதித்தார்கள். 30 பேர் 9 முதல் 15 வயதினர். 20 பேர் 16 முதல் 19 வயதினர். அனைவரும் மருந்து அடிப்பவர்கள். வயதிலும் படிப்பிலும் அவர்களை ஒத்த, வயல் வேலையே அறியாத பிள்ளைகளையும் அருகில் நிறுத்தி ஒப்புநோக்கினார்கள். நினைவு, கவனம், கைவேகம் முதலியவற்றை அளக்கும் சோதனைகள் வைத்தார்கள். 2008ஆம் ஆண்டு வெளியான முடிவு யாதெனில், பெரும்பாலான சோதனைகளில் மருந்து அடித்தவர்கள் பின்தங்கினார்கள். அவர்களுடைய நொதியமும் குறைந்திருந்தது. வேலை செய்த ஆண்டுகள் கூடக்கூடக் குறைபாடும் கூடியது. சிறியோர், பெரியோர் என்ற வேறுபாடின்றி இரு பிரிவினரிடமும் இது காணப்பட்டது.

வறுமையன்றோ இதற்குக் காரணம், மருந்து எப்படிக் காரணமாகும் என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினா. ஒருமுறை மட்டும் அளக்கும் ஆராய்ச்சி இதற்கு முழுமையாக விடை தரமாட்டாது. அதனாலேயே பின்னர் பையன்களைப் பத்து மாத காலம் தொடர்ந்து அவதானித்தார்கள். 2016இல் வெளிவந்த அவ்வாராய்ச்சி, மருந்தடிக்கும் பருவம் முடிந்து பல மாதங்கள் கழிந்த பின்னும் குறைபாடு நீடித்ததைக் காட்டிற்று. என்னை உறங்கவிடாதது இச்செய்தியே. தலையிடி ஓரிரு நாளில் மாறிவிடும். பிள்ளை சுகமாகிவிட்டான் என்று தாயும் நினைப்பாள், ஆசிரியரும் நினைப்பார். ஆனால் மார்கழிப் பரீட்சையில் அவன் எழுதாமல் விட்ட வினாவை, ஆவணியில் முதுகில் வழிந்த மருந்தோடு யார் தொடர்புபடுத்தப் போகிறார்கள்?

இளையோரிடம் இத்தீங்கு ஏன் கூடுதலாக அஞ்சத்தக்கது? மூளையின் முன்பகுதி, அதாவது திட்டமிடுதலுக்கும் மனத்தை அடக்குதற்கும் உரிய பகுதி, இருபது வயதைத் தாண்டிய பின்னரே முற்றாக முதிர்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டினுள் வெள்ளம் புகுவது போன்றது இது.

வாயையும் மூக்கையும் துணியாற் கட்டினாற் போதும் என்பது நம்மவர் எண்ணம். எகிப்தியப் பருத்தித் தொழிலாளரிடம் அளந்து பார்த்தபோது, உடம்பிற் சேர்ந்த குளோர்பைரிபொஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தோல் வழியாகவே சென்றிருந்தது. நனைந்த சாரமும் சட்டையும் உடம்போடு ஒட்டியபடி மாலைவரை கிடப்பதே பெருங்கேடு.

நமது நாடு இவ்விடயத்தில் முற்றிலும் உறங்கிக் கிடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கிருமிநாசினிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980இல் வந்தது. பரதியன் 1984இல் நீக்கப்பட்டது. குளோர்பைரிபொஸும் 2014இல் தடைக்கு உட்பட்டது. உலக நாடுகள் அதனை ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில், சில விதிவிலக்குகளோடு, சேர்த்தது 2025இலேதான். பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தலாகாது என்னும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2001இலும் எகிப்து 2002இலும் ஏற்றன. எனினும் சொந்தத் தோட்டத்திலே தந்தைக்கு உதவும் மகனை எந்தப் பரிசோதகர் போய்த் தடுப்பார்?

நான் அந்த மாணவனின் தகப்பனாரை அழைத்துப் பேசினேன். அவர் கோபிக்கவில்லை. "ஐயா, எனக்கு நாரி ஏலாது. ஆள் பிடிச்சால் கூலி குடுக்க வேணும். இவன்தான் அடிக்கிறான்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. என்னிடம் உடனடி மறுமொழியும் இருக்கவில்லை. இரண்டு வாரங்களின் பின் அவரே வந்து, அயலார் தோட்டத்துக்கு மகனை இனி அனுப்புவதில்லை என்றும், தமது தோட்டத்துக்கு மருந்தடிக்க மைத்துனரோடு வேலை மாறிக்கொள்வதாகவும் தெரிவித்தார். வகுப்பின் முன் கடிந்துகொண்டதற்காக அப்பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "பரவாயில்லை சேர்" என்று தன் இடத்துக்குப் போனான்.