ஜெராய் மலையடியில் ஒரு நாள்



சென்ற விடுமுறையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனோம். பணம் கேட்டு லயத்துக்கு வந்தபோது ஒரு தகப்பனார், "கல்லைப் பார்க்கவா சார் காசு? தினமும் கல்லும் முள்ளும்தானே மிதிக்கிறேன்" என்றார். குலை வெட்டிச் சேர்த்த வெள்ளி, கேட்டதில் தவறில்லை. ஆனாலும் மகனை அனுப்பினார்.

ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். அக்காலக் கப்பல்காரர்களுக்குக் கடலிலிருந்து அடையாளம் காட்டியது இந்த மலைதான். அடிவாரத்தில், மெர்போக்கில் தொல்பொருள் காட்சிசாலை. அதன் பக்கத்தில் புக்கிட் பத்து பகாட் கோயில். மலாயில் 'சண்டி' என்பார்கள். "சண்டி மாடா சார்?" என்று பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. 'பத்து பகாட்' என்றால் உளியால் செதுக்கிய கல். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டிப் பார்த்தார். 1959, 60-இல் அலஸ்டேர் லாம்ப் கற்களை அடுக்கிச் சீர்ப்படுத்தினார். கருவறை உண்டு, மண்டபம் உண்டு, கூரை மட்டும் இல்லை. மரத்தூண்கள் மக்கிப்போய்விட்டன, தூண் நின்ற குழிக்கற்கள் இன்றும் வரிசையாக இருக்கின்றன.

இராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின் மேல் படையெடுத்ததைச் சொன்னேன். கடாரம் இந்தக் கெடாதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தத் தகப்பனாரின் மகன் மட்டும் ராஜாவை விட்டுவிட்டான். குழிக்கல்லுக்குள் கையை விட்டுப் பார்த்து, "சார், இதைத் தூக்கிட்டு வந்தது யாரு? அவங்க பேரு எழுதலையா?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

பக்கத்து ஆற்றில் குளிக்கவிட்டோம். மலைத்தண்ணீர், சில்லென்று இருந்தது. இரண்டு பேர் ஏறவே மாட்டோம் என்று அடம். இழுக்கப்போய் என் சட்டையும் நனைந்தது. வாங்கிப்போன நாசி லெமாக் பொட்டலங்கள் பத்து நிமிடத்தில் காலி.

திரும்பும்போது சுங்கை பத்துவைப் பற்றிச் சொன்னேன். அங்கே செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கடியில் பழங்காலத்து இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. 2009 முதல் அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தார்கள். பையன் இதை வீட்டில் ஒப்பித்திருக்கிறான்.

மறுநாள் பெரட்டு முடிந்து தகப்பனார் பள்ளிக்கூட வாசலில் நின்றார். "செம்பனைக்கு அடியிலயா சார்? நம்மள மாதிரி தோட்டத்துலயா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

அடுத்த ஆண்டு பஸ்ஸில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம். இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. வர விரும்பும் பெற்றோர் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.