பனி ஹாக்கி: வீரர் தேர்வும் விதியின் சந்துகளும்

நேயர்களே, ஹாக்கி என்றவுடன் நமக்குப் புல்தரையும் தியான் சந்தின் மட்டையும் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று யான் கூறப் புகுவது வேறொரு ஹாக்கியைப் பற்றியது. உறைந்த பனித்தளத்தின்மீது, சறுக்குக் காலணி பூண்டு, ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் செலுத்தி ஆடும் ஆட்டம் அது. சிம்லாவிலும் லடாக்கிலும் வாழும் நேயர்கள் குளிர்காலத்தில் அதனைக் கண்டிருக்கக்கூடும். கனடா நாட்டாருக்கோ அது உயிர். அவ்வாட்டத்தின் நுணுக்கங்களை விடுத்து, ஆட்டக்காரர்களைக் கழகங்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட வகையையும், அந்தப் பங்கீட்டு விதிகளில் கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்த சந்துகளையும் மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் பொதுவான தேசிய ஹாக்கி லீக்கில் 1942 முதல் 1967 வரை ஆறே அணிகள் இருந்தன. சிறுவர் அணிகளின் செலவை ஏற்று, அவற்றில் ஆடும் பிள்ளைகளைத் தமக்கே உரியவர்களாக்கிக்கொள்வது அக்கழகங்களின் வழக்கம். 'சி படிவம்' என்று ஒரு தாள் உண்டு. அதில் ஒப்பமிட்ட பிள்ளை, பின்னாளில் எத்துணைப் புகழ் பெற்றாலும், அந்த ஒரு கழகத்துக்கே கட்டுப்பட்டவன். ஒண்டாரியோ மாநிலத்துப் பாரி சவுண்ட் என்னும் சிற்றூரில், 1962-ஆம் ஆண்டு, பாபி ஓர் என்ற சிறுவனை பாஸ்டன் புரூயின்ஸ் கழகத்தார் இவ்வாறு பிணித்தபோது அவனுக்கு வயது 14. அதற்கு ஈடாக அக்குடும்பம் பெற்றவற்றுள் வீட்டுச் சுவருக்குப் புதுப் பூச்சும் ஒன்று. அந்தச் சிறுவனே பின்னர் பனி ஹாக்கியின் தலைசிறந்த காப்பு ஆட்டக்காரர் எனப் பெயர் பெற்றவர்.

தாளில் ஒப்பமிட்டவரும் தப்ப வழி இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரராக மாறினால் மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணிக்கே ஆடுவதாக ழான் பெலிவோ ஒப்புக்கொண்டிருந்தார். ஆயின் அவர் மாறவே இல்லை! கியூபெக் நகரத்து ஏசஸ் அணியில், பெயரளவில் பொழுதுபோக்கு ஆட்டக்காரராகவே இருந்துகொண்டு, நல்ல வருவாயும் பெற்று வந்தார். மான்ட்ரியால் கழகத்தார் என்ன செய்தனர் தெரியுமா? 1953-இல் அவர் ஆடிய லீக்கையே முழுதாக விலைக்கு வாங்கி, அதனைத் தொழில்முறை லீக் என்று அறிவித்துவிட்டனர். பெலிவோ இருந்த இடத்தில் இருந்தபடியே தொழில்முறையாளர் ஆனார். வாக்குப்படி மான்ட்ரியாலுக்கு வந்து சேர்ந்தார். ஒரு மீனுக்காகக் குளத்தையே வாங்கிய கதை இது.

இந்நிலையை மாற்றவே 1963-இல் 'டிராஃப்ட்' எனப்படும் வீரர் தேர்வு முறை புகுந்தது. நம் கிரிக்கெட்டில் 2008 முதல் நடந்துவரும் ஏலம் போன்றதன்று இது. இதில் பணம் பேசுவதில்லை, வரிசைதான் பேசும். அணிகள் முறைவைத்து ஒவ்வோர் இளைஞராகப் பெயர் சொல்லித் தேர்ந்துகொள்ளும். நாளடைவில், முந்திய ஆண்டில் கடைசியாக வந்த அணிக்கே முதல் தேர்வு என்பது நெறியாயிற்று. பந்திக்குப் பிந்தியவனுக்கு முதல் இலை போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிய அணி வலுப்பெறும், போட்டி சமநிலை பெறும் என்பது கருத்து. ஆனால் ஏற்கெனவே படிவத்தில் ஒப்பமிட்ட பிள்ளைகள் அத்தேர்வுக்கு வரமாட்டார்கள் என்று விதித்துவிட்டார்கள். ஆகவே முதல் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டோர் 21 பேர். 1965-இலோ 11 பேர். நல்ல காய்களை முன்னரே பறித்துக்கொண்டு, எஞ்சியவற்றைக் கூடையில் வைத்துப் பங்கிட்டனர். 1969-இல்தான் பழைய கட்டுகள் அறுந்து, தேர்வு முழுமை பெற்றது. அதுவரையில், கனேடியன்ஸ் அணி மற்றவர்களுக்கு முன்பாகப் பிரெஞ்சுக் கனேடிய இளைஞர் இருவரை எடுத்துக்கொள்ளலாம் என்ற தனிச் சலுகையும் நிலவியது. விதியை இயற்றியவர்களும் கழகத்தாரே, அதில் சந்து தேடியவர்களும் கழகத்தாரே என்பதை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும்.

சலுகை போனபின் மான்ட்ரியால் கழகத்தின் பொது மேலாளர் சாம் போலக் வேறொரு வழி கண்டார். தேர்வில் தனக்குரிய முறையை ஓர் அணி மற்றோர் அணிக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இடம் தந்தது. கடைசி அணிக்கென்று ஒதுக்கிய முதல் இலையைக் கடைசி அணியே விற்றுவிட்டால் எவர் தடுப்பது? 1967-இல் ஆறு புதிய அணிகள் லீக்கில் சேர்ந்திருந்தன. அவற்றுக்கு இன்றைய வெற்றி வேண்டும்; நாளைய இளைஞனுக்காகக் காத்திருக்கப் பொறுமையும் இல்லை, பொருளும் இல்லை. 1970-இல் போலக், எர்னி ஹிக்கி என்ற ஆட்டக்காரரையும் தம் அணியின் அவ்வாண்டுத் தேர்வு முறையையும் ஓக்லண்ட் நகரத்துச் சீல்ஸ் அணிக்குக் கொடுத்து, பிரான்சுவா லாகோம்ப் என்பவரோடு அவ்வணியின் 1971-ஆம் ஆண்டு முதல் தேர்வு முறையைப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு தேர்வுக்கு வரவிருந்தவர் கீ லஃப்ளர்; கியூபெக்கில் 62 ஆட்டங்களில் 130 கோல் போட்ட இளைஞர்.

சீல்ஸ் அணி கடைசியாக வந்தால்தான் போலக்கின் கணக்குப் பலிக்கும். 1971 ஜனவரியில் அவர் ரால்ஃப் பேக்ஸ்ட்ராம் என்ற அனுபவசாலியை லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணிக்கு அனுப்பினார். அவ்வணி சீல்ஸுக்குக் கீழே சரிந்துவிடாமல் தாங்கவே இந்த ஏற்பாடு என்று இன்றளவும் சுவையாகச் சொல்லி வருகிறார்கள். பேக்ஸ்ட்ராம் தாமே மாற்றம் கேட்டிருந்தார் என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். பருவம் முடிந்தபோது கிங்ஸுக்கு 63 புள்ளிகள், சீல்ஸுக்கு 45. கதை சற்றே பெருக்கப்பட்டது என்பது என் எண்ணம். சந்தேகத்துக்கு இடமில்லாதது வேறொன்று: அதே 1971-இல் ஸ்டான்லி கோப்பையை வென்ற கனேடியன்ஸ் அணிதான், சில வாரங்கள் கழித்து, நாட்டிலேயே சிறந்த இளைஞரை முதல் ஆளாகத் தேர்ந்துகொண்டது. லஃப்ளர் அவ்வணிக்காக ஐந்து கோப்பைகள் வென்றார். சீல்ஸ் அணியோ 1976-இல் ஊர் பெயர்ந்து, 1978-இல் மற்றோர் அணியுடன் கலந்து மறைந்தது.

இடையே ஒரு வேடிக்கை. 1974-இல் உலக ஹாக்கி சங்கம் என்ற போட்டி அமைப்பு ஆட்டக்காரர்களைக் கவர்ந்து சென்றமையால், லீக் தன் தேர்வைத் தொலைபேசி வாயிலாக மறைவாக நடத்தியது. பஃபலோ சேபர்ஸ் அணியின் பஞ்ச் இம்லாக் சலிப்புற்று, 183-ஆவது பெயராக, டோக்கியோ கட்டானாஸ் அணியின் டாரோ சுஜிமோட்டோ என்று சொல்லிவைத்தார். லீக் அதனை அப்படியே பதிவு செய்தது. அப்படி ஓர் ஆளும் இல்லை, அணியும் இல்லை! பின்னரே அப்பெயர் செல்லாது என்று நீக்கப்பட்டது.

1984-இல் நடந்தது வேடிக்கை அன்று. மாரியோ லெமியூ தேர்வுக்கு வரும் ஆண்டு அது. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணி தன் பெயர்பெற்ற காப்பு ஆட்டக்காரர் ராண்டி கார்லைலை மார்ச் மாதம் வேறு அணிக்கு அனுப்பியது. கோல் காவலரைக் கீழ்நிலை அணிக்கு இறக்கிவிட்டு, நான்கு ஆட்டங்களில் 24 கோல் விட்ட ஒருவரை அமர்த்திற்று. முடிவில் அவர்கள் 38 புள்ளி, நியூ ஜெர்ஸி டெவில்ஸ் 41. தோற்பதிலும் முந்திக்கொண்டார்கள்! சீட்டுக் காசு கொடுத்து ஆட்டம் காண வந்தவர்களை எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. கடைசி அணிக்கு முதல் தேர்வு உறுதியில்லை என்று குலுக்கல் முறை வந்தது 1995-இல்.

சந்து என்பது எப்போதும் வஞ்சகமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. விதியை மற்றவரினும் ஊன்றிப் படிப்பதாகவும் இருக்கலாம். ஐரோப்பிய வீரர் 18 வயதினராயின் முதல் மூன்று சுற்றுகளில் மட்டுமே எடுக்கலாம், அதன்பின் எடுப்பதாயின் அவர் முதல்தர அணியில் இரு பருவங்கள், பருவத்துக்கு 11 ஆட்டங்களேனும் ஆடியிருக்கவேண்டும் என்பது அன்றைய விதி. மாஸ்கோ நகரத்துப் பாவெல் பூரே அத்தகுதி பெறவில்லை என்று ஏனைய அணிகள் இருந்துவிட்டன. வான்கூவர் கனக்ஸ் அணியின் தேடுநர் மைக் பென்னியோ, லீக் ஆட்டங்களோடு கண்காட்சி ஆட்டங்களையும் பன்னாட்டு ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தார். கணக்குச் சரியாயிற்று. 1989-இல் ஆறாம் சுற்றில், 113-ஆவது ஆளாகப் பூரேயின் பெயரைச் சொன்னபோது அரங்கில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1990 மே மாதம் லீக் தலைவர் ஜான் ஸீக்லர் அத்தேர்வு செல்லாது என்று தீர்ப்பளித்தார். கனக்ஸ் அணியினர் மாஸ்கோவிலிருந்து ஆட்டப் பதிவுத் தாள்களைத் தேடி வரவழைத்தனர். அவர்கள் அணியில் ஆடிய ருஷ்ய வீரர் இகோர் லாரியோனோவ் அதற்கு உதவினார். ஜூன் மாதம் தீர்ப்பு மாற்றப்பட்டது. பூரே வான்கூவருக்காகத் தளத்தில் இறங்கியது 1991 நவம்பரில். அப்பருவத்தின் சிறந்த புதுமுக வீரருக்கான விருதும் அவருக்கே கிடைத்தது.