எடைக்குப் போடும் முன்

பேங்க்கில் கணக்கு எழுதியவனுக்கு உளியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். கூரத்தில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது, அப்பாவின் கருவிப் பெட்டியை அப்படியே எடைக்குப் போட்டுவிட்டேன். கதவு, கலப்பை எல்லாம் அவரே பழுது பார்த்த கருவிகள். மறுநாள் மனசு கேட்காமல் காயலான் கடைக்கு ஓடினேன். இழைப்புளி மட்டும் கிடைத்தது. விற்றதைப்போல மூன்று மடங்கு கொடுத்து மீட்டேன். உளிகள் போனது போனதுதான்.

அதிலிருந்து பழைய கருவி தேடுவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் வீட்டு வாசலிலேயே பரப்பி விற்பார்கள். சென்னையில் 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்தது. இப்போது எனக்குக் காயலான் கடைதான்.

மேல் துருவுக்குப் பயப்படாதீர்கள். வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, தேய்த்துக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். ஆனால் உளியின் வெட்டுமுனைப் பக்கம் குழி குழியாக அரித்திருந்தால் வேண்டாம். ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள், வளைந்திருந்தால் வைத்துவிடுங்கள். சுத்தியலுக்குப் பிடி உடைந்திருந்தால் புதுசு போடலாம்; தலையில் விரிசல் என்றால் தொடவே கூடாது.

நம் பிளாக்கில் யாராவது ஊர் வீட்டைக் காலி செய்தால், எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்க நானும் வருகிறேன்.